வேகமாகச் சுழல்வதும் மெதுவாகத் தள்ளுவதும்: கப்பல் டேர்பைனின் கதை

டைட்டானிக் படம் பார்த்தவர்களுக்கு அந்த இயந்திர அறைக் காட்சி ஞாபகம் இருக்கும். நாலு மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் பிஸ்டன் இயந்திரங்கள், அவற்றின் காலடியில் எறும்பு மாதிரி ஓடித்திரியும் மனிதர்கள். அந்தக் கப்பலுக்கு மூன்று புரொப்பெல்லர்கள் இருந்தன. இரண்டு பக்கத்திலும் இருந்த இரண்டையும் சுற்றியவை இந்தப் பிஸ்டன்கள்தான். நடுவில் இருந்ததைச் சுற்றியது வேறொன்று: ஒரு நீராவிச் சுழலி, அதாவது டேர்பைன். பிஸ்டன்கள் பாவித்து முடித்து வெளியே விட்ட நீராவியை வாங்கி, அதில் மிச்சம் இருந்த சக்தியையும் பிழிந்து எடுப்பது அதன் வேலை.

ஒரே கப்பலுக்குள் ஏன் இரண்டு விதமான இயந்திரம்? 1912இல் டேர்பைன் ஒன்றும் புதுச்சாமான் இல்லை. அதற்குப் 15 வருசத்துக்கு முன்னமே பிரித்தானியக் கடற்படை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அது தன்னை நிரூபித்துவிட்டது. டைட்டானிக்கைவிட வேகமான மொறிற்றேனியா 1907இலேயே முழுக்க முழுக்க டேர்பைனில் ஓடியது. பிறகு ஏன் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கப்பலைக் கட்டியவர்கள் பழையதையும் புதியதையும் கலந்து வைத்தார்கள்?

பயம் என்றோ கஞ்சத்தனம் என்றோ இதற்கு விடை சொல்லிவிட ஏலாது. அவர்கள் கணக்குப் பார்த்தார்கள், கணக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், 'வினைத்திறன்' என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சமன்பாடாகப் படித்துவிட்டுக் கடந்துபோன சொல்லுக்குள் எவ்வளவு பெரிய வரலாறு கிடக்கிறது என்பதும் புரியும்.

நீராவிக்கு என்ன வேணும், தண்ணீருக்கு என்ன வேணும்

முதலில் கொஞ்சம் பௌதிகம். பயப்பட வேண்டாம், சமன்பாடு ஒன்றும் வராது.

ஒரு கிலோ நீராவியை 10 வளிமண்டல அமுக்கத்தில் அடைத்துவைத்தால் அது ஏறத்தாழ 0.2 கனமீற்றர் இடத்தைப் பிடிக்கும். அதே நீராவி வேலைசெய்து முடித்து, கடல்நீரால் குளிராக்கப்படும் ஒடுக்கிக்குள், வெற்றிடத்துக்குக் கிட்டிய 0.05 வளிமண்டல அமுக்கத்துக்கு இறங்கினால் அதற்கு ஏறத்தாழ 28 கனமீற்றர் தேவை. 140 மடங்குக்கு மேலான விரிவு. அந்த விரிவின் கடைசிக் கட்டத்திலும் நல்ல சக்தி இருக்கிறது. ஆனால் பிஸ்டன் இயந்திரத்தால் அதை எடுக்க முடியாது. எடுப்பதென்றால் சிலிண்டரை வீடு அளவுக்குக் கட்ட வேண்டும், அந்த ராட்சதப் பிஸ்டனின் உராய்வே கிடைக்கிற இலாபத்தைத் தின்றுவிடும். ஆகவே பாதி வழியில் நீராவியை வெளியே விட்டுவிடுவார்கள். டேர்பைனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நீராவி போகப்போக அலகுகளை நீளமாக்கி, பாதையை அகலமாக்கிக்கொண்டு போனால் சரி. கடைசிச் சொட்டு வரைக்கும் பிழியலாம்.

ஆனால் டேர்பைனுக்கு வேறொரு குணம் உண்டு. அப்படிப்பட்ட நீராவியை ஒரே பாய்ச்சலில் விரியவிட்டால் அது வினாடிக்கு 1000 மீற்றருக்கும் மேலான வேகத்தில் சீறும். அதைப் பிடிக்கும் அலகு, நீராவியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியிலாவது ஓடினால்தான் சக்தி கைமாறும். சுவீடனைச் சேர்ந்த குஸ்தாப் டி லாவால் செய்த சிறிய டேர்பைன்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழன்றதற்குக் காரணம் இதுதான்.

இப்போது கப்பலின் மற்றப் பக்கத்துக்கு வாருங்கள். புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, கப்பல் முன்னால் போகிறது. கொஞ்சத் தண்ணீரை வேகமாகத் தள்ளினாலும் நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளினாலும் ஒரே உந்தத்தைப் பெறலாம். ஆனால் சக்திச் செலவு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஆகவே நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதுதான் சிக்கனம். அதாவது, பெரிய புரொப்பெல்லர், மெதுவான சுழற்சி. சாதாரண சரக்குக் கப்பலுக்கு நிமிடத்துக்கு 70, 80 சுற்றுப் போதும்.

ஒரு முனையில் ஆயிரக்கணக்கில் சுற்ற விரும்பும் இயந்திரம். மறுமுனையில் எழுபது சுற்றுக்கு மேல் விரும்பாத புரொப்பெல்லர். இரண்டையும் ஒரே தண்டில் கட்டினால் என்ன நடக்கும்? கப்பல் டேர்பைனின் முதல் முப்பது வருச வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

குளிர்ந்த கடலில் கொதிக்கும் தண்ணீர்

சார்ள்ஸ் பார்சன்ஸ் 1854இல் பிறந்தவர். அப்பா அயர்லாந்துப் பிரபு. உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியைத் தன் வளவுக்குள்ளேயே கட்டிய வானியலாளர். மகன் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு, பிரபுவின் பிள்ளை செய்யாத வேலை ஒன்றைச் செய்தார்: நியூகாசில் நகரத்தின் ஆம்ஸ்ரோங் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1884இல் தனது டேர்பைனுக்குக் காப்புரிமை எடுத்தார். மின்பிறப்பாக்கி ஒன்றைச் சுற்றிய அந்த முதல் டேர்பைன் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுழன்று 7.5 கிலோவாற்று மின்சாரம் தந்தது.

அவருடைய மூலயோசனை எளிமையானது. நீராவியை ஒரேயடியாக விரியவிடாமல், பல சின்னச்சின்னப் படிகளாக விரியவிடு. ஒவ்வொரு படியிலும் ஒரு வரிசை அசையாத அலகு, ஒரு வரிசை சுழலும் அலகு. ஒரு பெரிய நீர்வீழ்ச்சியைப் படிக்கட்டாக மாற்றினது போல. ஒவ்வொரு படியிலும் வேகம் குறைவு, ஆகவே சுழற்சியும் கட்டுக்குள் வரும்.

மின்சாரத்தில் வென்றபிறகு கப்பல் பக்கம் திரும்பினார். 1894 ஆகஸ்டில் 'டேர்பினியா' தண்ணீரில் இறங்கியது. முப்பது மீற்றர் சொச்சம் நீளம், மூன்று மீற்றருக்கும் குறைந்த அகலம். ஒரு கத்தி மாதிரி. இயந்திரம் நல்ல வலுவைக் கொடுத்தது. ஆனால் கப்பல் மணிக்கு 20 கடல்மைலைத் தாண்ட மறுத்தது. புரொப்பெல்லரை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார்கள், பிரயோசனமில்லை.

இந்த இடத்தில்தான் பார்சன்ஸ் என்ன மாதிரியான ஆள் என்பது தெரிகிறது. ஊகித்துக்கொண்டு இருக்காமல் தண்டு எவ்வளவு முறுக்கை உண்மையில் கடத்துகிறது என்று அளக்க ஒரு கருவி செய்தார். அளந்தால், இயந்திரத்தில் குற்றமில்லை. வலு புரொப்பெல்லர் வரைக்கும் போகிறது, அங்கேதான் காணாமல் போகிறது.

காரணம், புரொப்பெல்லர் மிதமிஞ்சிய வேகத்தில் சுழலும்போது அதன் அலகின் பின்பக்கத்தில் அமுக்கம் அவ்வளவு குறைந்துவிடுகிறது, குளிர்ந்த கடல்நீரே அங்கே ஆவியாகிக் குமிழி கட்டுகிறது. அலகு தண்ணீரைப் பிடிப்பதற்குப் பதிலாக வெறும் ஆவிக்குள் சுற்றுகிறது. இதற்கு 'கவிற்றேசன்' என்று பெயர். 'டேரிங்' என்ற போர்க்கப்பலின் சோதனையில் இதன் அறிகுறிகளை வேறு பொறியியலாளர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். பார்சன்ஸ் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். 1895இல் கண்ணாடி யன்னல் வைத்த ஒரு சின்னத் தொட்டி செய்து, அதற்குள் இரண்டு அங்குலப் புரொப்பெல்லர் ஒன்றைச் சுற்றவிட்டார். குமிழி இலகுவில் உண்டாக வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கிட்டச் சூடாக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் மட்டும் வெளிச்சம் விழும்படி ஏற்பாடு செய்ததால் சுழலும் புரொப்பெல்லர் அப்படியே நிற்கிறது போலத் தெரிந்தது, குமிழிகளும் தெரிந்தன. இன்றைக்குக் கப்பல் ஆய்வுகூடங்களில் இருக்கும் பிரமாண்டமான கவிற்றேசன் சுரங்கங்களுக்கெல்லாம் இந்தத் தொட்டிதான் ஆதித்தாய்.

பார்த்தபிறகு தீர்வு வந்தது. ஒரு டேர்பைனை மூன்றாகப் பிரித்தார். நீராவி முதலாவதுக்குள் போய், அங்கிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போகும். மூன்று தண்டு, ஒவ்வொரு தண்டிலும் மூன்று சின்னப் புரொப்பெல்லர், மொத்தம் ஒன்பது. சுமை பங்கிடப்பட்டது, குமிழி அடங்கியது. 1897 ஜூன் 26ஆம் திகதி, விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காக ஸ்பிற்ஹெட்டில் கடற்படை அணிவகுத்து நின்றபோது டேர்பினியா 34 கடல்மைல் வேகத்தில் அந்த வரிசைகளுக்கு இடையால் ஓடியது. துரத்திய காவல்படகுகளால் கிட்டவும் வர முடியவில்லை.

எல்லாப் புத்தகத்திலும் வரும் காட்சி இது. ஆனால் கதையின் வெற்றி முனை என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏனென்றால் ஸ்பிற்ஹெட்டில் அவர் நிரூபித்தது வேகத்தை மட்டும்தான்.

வெற்றிக்குள் மறைந்திருந்த விரயம்

அதற்குப்பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. டேர்பைன் பூட்டிய முதல் போர்க்கப்பல்களான வைப்பர், கோப்ரா என்ற இரண்டும் 1901இல் மூழ்கின. ஒன்று மூடுபனியில் பாறையில் மோதியது, மற்றது வடகடலில் இரண்டாக முறிந்து 67 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் டேர்பைன் காரணமில்லை என்றாலும் பார்சன்ஸுக்கு அது பெரிய அடி. அதே ஆண்டில் 'கிங் எட்வர்ட்' என்ற பயணிகள் கப்பல் ஸ்கொட்லாந்தின் கிளைட் பகுதியில் ஓடத் தொடங்கி நம்பிக்கையைக் காப்பாற்றியது. 1906இல் ட்ரெட்னோட். 1907இல் லூசிற்றேனியா, மொறிற்றேனியா. 1909 தொடக்கம் 1929 வரைக்கும் அத்திலாந்திக்கின் வேகச் சாதனை மொறிற்றேனியாவின் கையில்தான் இருந்தது.

இந்தக் கப்பல்கள் எல்லாவற்றிலும் டேர்பைன் நேரடியாகவே புரொப்பெல்லர் தண்டில் கட்டப்பட்டிருந்தது. அந்த இரண்டு வேகங்களின் சண்டை தீரவில்லை, சமரசம் மட்டும் செய்யப்பட்டது. மொறிற்றேனியாவின் டேர்பைன்கள் நிமிடத்துக்கு 190 சுற்று அளவில்தான் சுழன்றன. டேர்பைனுக்கு அது ஆமை வேகம். மெதுவாகச் சுழன்றாலும் அலகின் நுனி வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகச் சுழலும் உருளைகளைப் பத்தடிக்கும் மேலான விட்டத்தில் கட்டினார்கள். புரொப்பெல்லருக்கோ அதே 190 மிஞ்சிய வேகம். அதாவது இயந்திரமும் தன் நல்ல நிலையில் இல்லை, புரொப்பெல்லரும் தன் நல்ல நிலையில் இல்லை. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து இரண்டு பக்கமும் நட்டப்பட்ட ஒரு கலியாணம்.

25 கடல்மைல் வேகத்தில் ஓடும் கப்பலுக்கு இந்த நட்டம் தாங்கும். மெதுவாக ஓடும்போது தாங்காது. பிரித்தானியக் கடற்படை ஒரே மாதிரியான கப்பல்களில் ஒன்றுக்கு டேர்பைனும் மற்றதுக்குப் பிஸ்டனும் பூட்டி ஒப்பிட்டுப் பார்த்தது. வேகமாக ஓடும்போது டேர்பைன் கப்பலான அமெதிஸ்ற் தெளிவாக வென்றது. மெதுவாக ஓடும்போது பிஸ்டன் கப்பலான ரோபாஸ்தான் குறைந்த நிலக்கரியில் ஓடியது. போர்க்கப்பல் ஒன்று தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மெதுவாகத்தான் ஓடிக் கழிக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இப்போது டைட்டானிக்கின் விடை கிடைக்கிறது. ஓட்டப்பந்தயத்துக்கு அல்ல, 21, 22 கடல்மைலில் சிக்கனமாக ஓடுவதற்குக் கட்டப்பட்ட கப்பல் அது. உயர் அமுக்க நீராவிக்குப் பிஸ்டன் நல்லது. தாழ் அமுக்க நீராவிக்கு டேர்பைன் நல்லது. ஆகவே முதல் பாதி பிஸ்டனுக்கு, மிச்சம் டேர்பைனுக்கு. கட்டியவர்கள் இதைக் கண்ணைமூடிக்கொண்டு செய்யவில்லை. அதற்கு முதல் லோறன்ரிக், மெகன்ரிக் என்ற இரட்டைக் கப்பல்களில் ஒன்றை இந்தக் கலப்பு முறையிலும் மற்றதை வெறும் பிஸ்டனிலும் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். கலப்பு வென்றது. 1912இன் தொழில்நுட்பத்துக்கு அது மிகப் புத்திசாலித்தனமான தீர்வு.

ஆனால் உலகத்தின் பெரும்பாலான கப்பல்கள் மொறிற்றேனியாவும் இல்லை, டைட்டானிக்கும் இல்லை. 10 கடல்மைலில் ஊர்ந்து ஊர்ந்து அரிசியும் தேயிலையும் நிலக்கரியும் சுமந்த சரக்குக் கப்பல்கள்தான். அவற்றுக்கு நேரடி டேர்பைன் எந்த வகையிலும் பொருந்தவில்லை.

யாரும் கொண்டாடாத ஒரு நிலக்கரிக் கப்பல்

1908இல் பார்சன்ஸின் நிறுவனம் 'வெஸ்பேசியன்' என்ற பழைய சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கியது. 1887இல் கட்டியது, இருபது வருசம் ஓடிக் களைத்தது. அதன் பிஸ்டன் இயந்திரத்தைக் கழற்றி எறியவில்லை. மாறாக, முதலில் அதைச் செம்மையாகத் திருத்தி, புதிது போல ஆக்கி, கடலில் ஓடவிட்டு, எவ்வளவு நீராவி செலவாகிறது என்று கவனமாக அளந்தார்கள். பிறகுதான் அதைக் கழற்றிவிட்டு டேர்பைனைப் பூட்டினார்கள். கொதிகலன் அதே, புரொப்பெல்லர் அதே. மாறியது இயந்திரம் மட்டும்.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். பழைய தேய்ந்த இயந்திரத்தோடு புதிய டேர்பைனை ஒப்பிட்டிருந்தால் எண்கள் இன்னும் கவர்ச்சியாக வந்திருக்கும். தன் எதிராளியை முதலில் நல்லாக்கிவிட்டு அதற்குப்பிறகு போட்டிக்கு அழைப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

டேர்பைனுக்கும் தண்டுக்கும் நடுவில் இந்தமுறை ஒரு புதுச்சாமான் இருந்தது: பற்சில்லு. டேர்பைன் நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் சுழல, அதன் சின்னப் பற்சில்லு ஒரு பெரிய பற்சில்லைத் திருப்ப, புரொப்பெல்லர் 70 சொச்சம் சுற்று மட்டும் சுழன்றது. ஏறத்தாழ 20க்கு 1. சைக்கிள் ஓடும் பிள்ளைக்கும் தெரிந்த தத்துவம்தான். டேர்பைன் தன் வேகத்தில், புரொப்பெல்லர் தன் வேகத்தில். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. விளைவு, செலவில் 15 வீதம் அளவு மிச்சம். பற்சில்லில் வீணான வலு சில வீதத்துக்குள்தான்.

அவ்வளவு எளிய யோசனை ஏன் முதலே வரவில்லை? வந்தது. டி லாவால் தன் சின்ன டேர்பைன்களில் பற்சில்லைப் பாவித்தவர்தான். பிரச்சினை, அதை ஆயிரக்கணக்கான குதிரைவலுவுக்குச் செய்வது. பற்கள் மயிரிழை பிசகினாலும் அந்த வேகத்தில் ஊளையிடும், அதிரும், உடையும். மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்த பற்களை ஒரு பெரிய சில்லில் வெட்டும்போது, வெட்டும் இயந்திரத்திலேயே இருக்கும் சின்னப் பிழை ஒவ்வொரு பல்லிலும் ஒரே இடத்தில் பதிந்துவிடும். அந்த ஒழுங்கான பிழைதான் ஊளைக்குக் காரணம். வெட்டும் மேசையை மெல்ல மெல்ல நகர்ந்துபோகச் செய்து, பிழைகள் ஒரே கோட்டில் அடுக்காமல் சில்லு முழுக்கச் சிதறும்படி ஒரு முறையைப் பார்சன்ஸ் கண்டுபிடித்தார். பிழையை இல்லாமலாக்க முடியாவிட்டால், அதை ஒன்றுசேர விடாதே என்பதுதான் அதன் சாரம். எனக்குப் பிடித்த அவருடைய கண்டுபிடிப்பு, டேர்பினியாவைவிட, இதுதான்.

மற்ற நாடுகள் வேறு வழிகளையும் தேடின. அமெரிக்கர்கள் டேர்பைனால் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் புரொப்பெல்லரைச் சுற்றினார்கள். 'ஜூப்பிற்றர்' என்ற நிலக்கரிக் கப்பலில் தொடங்கி 'நியூ மெக்சிக்கோ' போன்ற பெரும் போர்க்கப்பல்கள் வரை அது போனது. ஜேர்மனியில் ஹேர்மன் பொட்ரிங்கர் எண்ணெயோ தண்ணீரோ போன்ற திரவத்தின் ஊடாக வலுவைக் கடத்தும் கருவியைச் செய்தார். கப்பலில் அது நிலைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஓட்டோ கியர் கார்களில் இருக்கும் முறுக்கு மாற்றி அதன் வாரிசுதான். கடைசியில் கடலில் வென்றது பற்சில்லுத்தான். 1920இல் சேவைக்கு வந்த 'ஹூட்' போர்க்கப்பலில் பற்சில்லு ஊடாகக் கடத்தப்பட்ட வலு 144,000 குதிரைவலு. வெஸ்பேசியனில் அது ஆயிரம் அளவுதான். பத்து வருசத்துக்குள் இந்த வளர்ச்சி.

மிச்சம் பிடித்தது யார், இழந்தது யார்

இதுவரைக்கும் நான் நிலக்கரியை ஒரு எண்ணாகத்தான் எழுதியிருக்கிறேன். அதை ஒரு ஆள் அள்ளினான் என்பதையும் சொல்ல வேணும்.

மொறிற்றேனியாவுக்கு 25 கொதிகலன்கள், 192 உலைவாய்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 தொன் நிலக்கரி. அதை அள்ளிப்போடுபவர்களும், கிடங்கிலிருந்து தள்ளிக் கொண்டுவருபவர்களுமாகச் சுமார் 300 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஆளுக்கு நாளுக்கு மூன்று தொன்னுக்கு மேல், ஆடும் கப்பலின் அடிவயிற்றில், தாங்க முடியாத வெக்கையில். மேல்தளத்தில் வாத்தியக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்.

வினைத்திறன் கூடினால் இவர்களின் பாடு குறைந்திருக்க வேண்டும் இல்லையா? மொறிற்றேனியா விசயத்தில் அப்படி நடக்கவில்லை. கிடைத்த வினைத்திறனை முதலாளிகளும் அரசாங்கமும் வேகத்துக்குச் செலவழித்தார்கள். இயந்திரம் ஒரு குதிரைவலுவுக்குக் குறைவாகத்தான் குடித்தது, ஆனால் குதிரைவலுக்களின் எண்ணிக்கை பலமடங்காகியது. மொத்தத்தில் உலை பெருத்தது. சிக்கனம் என்பது மிச்சம் பிடிப்பதாக முடியுமா, இன்னும் கூடப் பறிப்பதாக முடியுமா என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அவர்களின் முதுகை உண்மையில் நிமிர்த்தியது 1920களில் நிலக்கரிக்குப் பதிலாக வந்த எண்ணெய். அது நிமிர்த்தியதோடு பலரின் வேலையையும் எடுத்துக்கொண்டது.

கொழும்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுயஸ் கால்வாய் திறந்தபிறகு, 1880களில் அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டபிறகு, காலியின் இடத்தைப் பிடித்த கொழும்புத் துறைமுகம் கிழக்குக்குப் போகும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் பெரிய நிலையம் ஆனது. கூடையில் நிலக்கரி சுமந்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப்பேர். ஒரு கப்பலின் வினைத்திறன் 15 வீதம் கூடியது என்று லண்டனில் ஒரு பொறியியலாளர் கட்டுரை வாசித்தால், அதன் பொருள் கொழும்பில் அத்தனை கூடை குறைவு என்பதும்தான்.

இன்னொரு விரயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பார்சன்ஸின் மகள் ரேச்சல், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த முதல் பெண்களில் ஒருத்தி. முதலாம் உலகப்போரில் சகோதரன் போர்முனைக்குப் போக, ஹீற்றனில் இருந்த குடும்பத் தொழிற்சாலையின் இயக்குநர் சபைக்கு வந்தார். போர்க்காலத்தில் அங்கே பெண்கள் நுட்பமான வேலைகளைச் செய்தார்கள். போர் முடிந்ததும் 1919இல் வந்த ஒரு சட்டம் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது, போருக்கு முந்திய வழமைகளை மீளக் கொண்டுவருவதற்காம். அதே ஆண்டு ஜூன் 23ஆம் திகதி ரேச்சலும் தாய் கதரினும் இன்னும் சிலரும் சேர்ந்து பெண் பொறியியலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ரேச்சல்தான் முதல் தலைவர். நீராவியின் கடைசிச் சொட்டையும் வீணாக்கக்கூடாது என்று அரும்பாடுபட்ட ஒரு தொழில், பயிற்சிபெற்ற ஆயிரக்கணக்கான கைகளை ஒரே கையெழுத்தில் வீணாக்கியது.

பிள்ளை வளர்ந்து கிழவனாகியது

பற்சில்லுக்குப்பிறகு வினைத்திறனைக் கூட்ட மிஞ்சியிருந்த வழி நீராவியை இன்னும் சூடாக்குவதும் அமுக்குவதும். மொறிற்றேனியாவின் கொதிகலன்கள் ஏறத்தாழ 13 வளிமண்டல அமுக்கத்தில் வேலை செய்தன. 1926இல் 'கிங் ஜோர்ஜ் V' என்ற பயணிகள் கப்பலில் பார்சன்ஸின் ஆட்கள் அதை 37 அளவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே கொதிகலன் குழாய் ஒன்று வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். யோசனை சரி, உலோகம் இன்னும் தயாரில்லை. ஜேர்மனியர்கள் 1930களில் தங்கள் நாசகாரிக் கப்பல்களில் 70 வளிமண்டலமும் அதற்கு மேலும் போய், போருக்குள் பழுதுக்குமேல் பழுதாக அவதிப்பட்டார்கள்.

நடுவழியைப் பிடித்தது அமெரிக்கக் கடற்படை. 1930களில் அதன் பொறியியலாளர்கள், பார்சன்ஸின் உரிமத்தில் வேலைசெய்த பழைய கப்பல் கட்டும் நிறுவனங்களை ஒதுக்கிவிட்டு, தரையில் மின்நிலையங்களுக்கு டேர்பைன் செய்த நிறுவனங்களிடம் போனார்கள். 40 வளிமண்டலம், 450 பாகை செல்சியஸ், வேகமான டேர்பைன், இரட்டைக் கட்டப் பற்சில்லு. பிரித்தானியா பழைய வழியிலேயே நின்றது. விலை போரில் தெரிந்தது. 1941 மே மாதம் பிஸ்மார்க்கைத் துரத்திய பிரித்தானியத் தலைமைக் கப்பல், எதிரியைக் கண்ட நேரத்தில் வீடு திரும்ப எண்ணெய் காணுமா என்ற கணக்கோடுதான் சண்டை பிடித்தது. பசிபிக்கில் அமெரிக்கர்களோடு சேர்ந்து ஓடியபோது பிரித்தானியக் கப்பல்கள் அதே தூரத்துக்குக் கூடுதலாகக் குடித்தன, எண்ணெய்க் கப்பல்களைத் தேடி அலைந்தன. 1897இல் கடற்படைக் கிழவர்களை ஓடிக் காட்டிய அதே பாரம்பரியம், நாற்பது வருசத்தில் தானே கிழவனாகி, புதியதைத் தடுத்து நின்றது.

பார்சன்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1931 பெப்ரவரியில், 'டச்சஸ் ஒவ் றிச்மண்ட்' என்ற கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, ஜமேய்க்காவின் கிங்ஸ்ரன் துறைமுகத்தில் இறந்தார். அது பற்சில்லு டேர்பைனில் ஓடிய கப்பல்.

கடைசியில் கடலில் டேர்பைனை வென்றது யார்? மெதுவாகச் சுழலும் டீசல் இயந்திரம். இன்றைய பெரிய சரக்குக் கப்பல்களில் டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 80, 100 சுற்றில் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. நடுவில் பற்சில்லே இல்லை. எரிபொருளின் சக்தியில் பாதியளவை அது வேலையாக்குகிறது. நல்ல நீராவிக் கப்பலுக்கும் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பதே பெரிய காரியம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப்பிறகு கப்பல் கம்பனிகளுக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. நீராவியில் பிறந்த 'குயின் எலிசபெத் 2' கப்பலுக்கே 1986-87இல் டேர்பைனைக் கழற்றி டீசல் பூட்டினார்கள். அணுசக்தி நீர்மூழ்கிகள், சில பழைய எரிவாயுக் கப்பல்கள் போன்ற சிலவற்றில்தான் டேர்பைன் இன்னும் புரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

டேர்பினியா இன்றைக்கு நியூகாசில் நூதனசாலையில் பளபளவென்று நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். வெஸ்பேசியன் எந்த நூதனசாலையிலும் இல்லை. ஓடிக் காட்டியதைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது, அளந்து காட்டியதை இல்லை. ஆனால் இயந்திரம், கொதிகலன், புரொப்பெல்லர், அதை இயக்கும் மனிதர் என்று ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற வேகத்தில் ஓடும்போதுதான் எதுவும் வீணாகாமல் இருக்கும் என்பதை எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனது அந்தப் பழைய நிலக்கரிக் கப்பல்தான்.